பையில் இருந்த செருப்பு

கீழ்பென்னாத்தூர்,
28.4.2003

அன்புள்ள சரோஜா சிஸ்டருக்கு,

அருணாதேவி எழுதுவது. இங்கிலாந்தில் உங்கள் பயிற்சி நல்லபடியாக நடக்கும் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. என் வீட்டுக்காரர் காலில் மறுபடியும் புண். நான்கு நாளாகிறது.

ஐந்து மாதம் நீங்களும் இங்கே வந்திருந்த அந்த இங்கிலாந்து டாக்டரம்மாவும் கட்டுப் போட்டு ஆற்றிய கால். சர்க்கரையால் பாதம் மரத்துவிட்டது, வீட்டுக்குள்கூட இந்தச் செருப்பு இல்லாமல் நடக்கக்கூடாது என்று மெத்துச் செருப்பு ஒன்றைக் கொடுத்துப் படித்துப் படித்துச் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் புண் ஆறினால் அவர் வெறுங்காலோடு கிரிவலம் வருவார் என்று அதற்கு முன்பே அண்ணாமலையாரிடம் வேண்டியிருந்தேன். சொன்னால் திட்டுவீர்கள் என்று மறைத்துவிட்டேன். வேண்டுதல் என்னுடையது, கால் அவருடையது.

பௌர்ணமிக் கூட்டத்தில் யாராவது காலை மிதித்துவிடுவார்கள் என்று, பெரிய புத்திசாலி மாதிரி, போன வியாழக்கிழமை காலையில் கூட்டிப்போனேன். ஆதி அண்ணாமலை தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. தார் ரோட்டில் என்னால் கால் வைக்க முடியவில்லை, நிழல் பார்த்து ஓடினேன். அவர் நிதானமாக நடந்தார். எனக்கு ஒண்ணும் சுடல, உனக்குத்தான் பக்தி கம்மின்னு கேலி வேறு. சாமியே தாங்கிக்கொண்டு போகிறார் என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், சிஸ்டர். நீங்கள் கொடுத்த செருப்பு என் பையில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து கால் கழுவத் தண்ணீர் ஊற்றினேன். உள்ளங்கால் தோல் அப்படியே கழன்று வந்தது. அவர், ஏன் நிறுத்திட்ட, ஊத்துன்னார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பழைய புண் இருந்த இடம் ஆழமாக வெந்து சீழ் வைத்துவிட்டது. தினமும் கட்டு மாற்றப் போய்வருகிறோம். ஆஸ்பத்திரியில் போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்குக் கம்ப்யூட்டரில் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் முடிவாம். என்ன முடிவு என்று யாரும் வாய் திறப்பதில்லை. கடலை மண்டியில் நாளெல்லாம் நின்று மல்லாட்டை மூட்டை எடை போடுகிற மனுஷன், சிஸ்டர்.

எப்படி ஆனது என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, செருப்பு மாட்ட மறந்துட்டேன்னு சொல்லிவிட்டார். என் பேச்சையே எடுக்கவில்லை. எல்லோரும் அவரைத் திட்டுகிறார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

டாக்டரம்மா உங்கள் பக்கத்தில்தானே இருக்கிறார். நடந்ததை நடந்தபடி சொல்லிக் கேளுங்கள். திட்டுவதென்றால் என்னைத் திட்டட்டும். கால் தங்கும் என்றால் பதில் உறைமேல் என் வீட்டுக்காரர் பெயரை எழுதுங்கள், அவரே பிரிக்கட்டும். காலை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் என் பெயருக்குப் போடுங்கள்.

எப்படியாவது அவர் பெயருக்கே எழுதப் பாருங்கள்.

இப்படிக்கு,
அருணாதேவி