வசந்தன் போட்ட ஹெல்மெட்

மாசாய்
3 மார்ச் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? பெர்த்தில் வெயில் தணிந்ததா? நீங்கள் வீடியோவில் கூப்பிட்டு நான் எடுக்காமல் இருப்பது கோபத்தால் அல்ல. உங்களைப் பார்த்தால் அப்படியே உங்கள் தம்பி முகம். அதே மூக்கு, அதே கன்னம். வாயைத் திறப்பதற்குள் அழுகை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

என் கணவர் இறந்ததிலிருந்து அவருடைய மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். ஏப்ரலில் அவருடைய கூட்டாளிகள் பாசிர் கூடாங் ரேஸ் சர்க்கிட்டில் அவர் நினைவாக ஒரு நாள் ஓட்டுகிறார்கள். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் திட்டுவீர்கள், தெரியும்.

அவருடைய ஜப்பான் ஹெல்மெட்டையே போடுகிறேன். கொஞ்சம் லூஸ்தான். ஆனால் மாட்டியதும் அவர் வாசம் வருகிறது, வேர்வையும் கோடாலித் தைலமுமாக. வண்டியைக் கிளப்ப மனமில்லாமல் வாசலிலேயே நிற்கிறேன். பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

அன்புடன்,
லோஷினி


பெர்த்
11 மார்ச் 2024

அன்புள்ள லோஷினிக்கு,

கொஞ்சம் லூஸா? அலமாக்! நான் எமர்ஜென்சி வார்டில் நர்ஸ் வேலை பார்க்கிறேன் என்பது மறந்துபோச்சா? விழும்போது லூஸான ஹெல்மெட் முதலில் கழன்று உருளும். அப்புறம்தான் தலை தரையில் மோதும். இதற்கு மேல் எழுதினால் உனக்குத் தூக்கம் வராது.

இத்தனை வருடம் சர்க்கிட்டில் பறந்த வசந்தனுக்கு அங்கே ஒரு கீறல் இல்லை. வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்தவனுக்கு நெஞ்சுவலி வந்தது. அதற்காக நீ தலையைப் பணயம் வைக்கணுமா? ஓட்டாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கிற ஆளா நீ? தம்போயில் அவன் வாங்கின கடைக்கே போய் உன் அளவுக்கு நல்லதாக ஒன்று வாங்கு.

அவனுடையதை எனக்கு அனுப்பிவிடு. நான் வந்து இறங்கியபோது தகனமே முடிந்திருந்தது. என் தம்பி முகத்தை நான் பார்க்கவில்லை, லோஷினி.

பாசத்துடன்,
அண்ணி புஷ்பவள்ளி


மாசாய்
20 மார்ச் 2024

அண்ணிக்கு,

புத்தி சொன்னீர்களா, பங்கு கேட்டீர்களா என்று எனக்குப் புரியவில்லை.

கடைக்குப் போனேன். கடைக்காரர் லோகேஸ்வரனுக்கு அவரை நன்றாகத் தெரியும். புது ஹெல்மெட்டுகளை எடுத்துக் கொடுத்து, ஒரு நீள பெஞ்சைக் காட்டி, "ரோட்டுக்கும் சர்க்கிட்டுக்கும் ஒண்ணே போதும்னா நிமிர்ந்து நின்னு போட்டுப் பார்த்தா பத்தாது லா. ரேஸ்ல பெட்ரோல் டேங்க் மேல கவுந்து ஓட்டுற மாதிரி படுங்க. மேல் விளிம்பு கண்ண மறைக்குதா?" என்று கேட்டார். கடையில் ஆட்கள் இருக்க, நான் பெஞ்சில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். "கன்னம் நல்லா அமுங்கணும், நெத்தி வலிக்கக் கூடாது. கழட்டாம கொஞ்ச நேரம் உட்காருங்க" என்றார். ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது. எடை இருப்பதே தெரியவில்லை.

ஆனால் உள்ளே புதுப் பஞ்சின் வாசம் மட்டும். யாருமே இல்லாத வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவருடைய சட்டைகளையெல்லாம் காரியத்துக்கு வந்தவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பதைத் துவைத்தாயிற்று. எனக்கென்று இருப்பது இந்த ஒன்றுதான். தர மாட்டேன்.

லோஷினி


பெர்த்
28 மார்ச் 2024

லோஷினிக்கு,

நீ கேட்டது சரிதான். புத்தியும் சொன்னேன், பங்கும் கேட்டேன். உன் தலையைப் பற்றிய பயம் நிஜம். அவனைச் சேர்ந்த ஏதாவது ஒன்று என் கையில் வேண்டும் என்ற ஆசையும் நிஜம். வார்டில் அவன் சாயலில் யாராவது வந்து படுத்தால் மருந்து அறைக்குள் போய் நின்றுகொள்கிறேன்.

ஹெல்மெட் உன்னிடமே இருக்கட்டும். இனி கேட்க மாட்டேன். அலமாரியில் வை, கட்டிலில் பக்கத்தில் வைத்துக்கொள், உன் இஷ்டம். தலையில் மட்டும் போடாதே. உனக்கும் ஏதாவது ஆகி, நான் மறுபடி விமானம் பிடித்து, மறுபடி தாமதமாக வந்து நிற்க முடியாது அம்மா.

அண்ணி


மாசாய்
22 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த பிறகும் இரண்டு மூன்று நாள் அதையேதான் போட்டேன். பிறகு நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி என்னைக் கடந்தபோது காற்று அடித்து ஹெல்மெட் மேலே எழும்பியது. முன்னால் இருந்த ரோடே தெரியவில்லை. எப்படி ஓரம் கட்டினேனோ! அங்கேயே நின்று அவரைத் திட்டினேன். உங்களை இல்லை, அவரை. இப்படி விட்டுவிட்டுப் போனதற்கு வாயில் வந்ததெல்லாம் சொன்னேன்.

அன்றைக்கே தம்போய்க்குப் போய் அந்தக் கச்சிதமான ஹெல்மெட்டை வாங்கிவிட்டேன். சர்க்கிட்டில் கவுந்து ஓட்டினேன், எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வளைவுகளில் கவனம் போனதில் ஒரு முழுச் சுற்றுக்கு அவர் நினைவே வரவில்லை. அது உறைத்தபோதுதான், நிறுத்திவிட்டு ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதேன்.

அவருடைய ஹெல்மெட்டை இனி யாரும் போடப் போவதில்லை. அதனால் லோகேஸ்வரனிடம் சொல்லி உள்பஞ்சைக் கழற்றினேன். கன்னத்துக்கு இரண்டு பஞ்சு, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. தாடி உரசி உரசி, அவர் கன்னம் எப்படி இருந்ததோ அப்படியே குழிந்து வழுவழுப்பாகியிருக்கிறது.

இந்தப் பொட்டலத்தில் இருப்பது அவருடைய இடது கன்னம். வலது கன்னம் என்னிடம். துவைத்துவிடாதீர்கள், அண்ணி.

உங்கள்
லோஷினி