எஃப் அமுக்கினேன்

1989 நவம்பர், வியாழன் இரவு

இன்று காலை பெங்களூர் இன்ஜினியர் வந்து ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்களில் புது டாஸ் புரோகிராம் போட்டுவிட்டு மதிய பஸ்ஸில் போய்விட்டார். அதற்குப் பிறகு என் கம்ப்யூட்டருக்கு சர்வர் என்கிற பொது கம்ப்யூட்டர் கிடைக்கவே இல்லை. காசநோய்க்காரர்களில் யாருக்கு என்ன மருந்து, எத்தனை மாதம் ஆயிற்று என்பதெல்லாம் அந்த சர்வரில், எஃப் டிரைவில்தான் இருக்கிறது.

திரையில் 'அபார்ட், ரீட்ரை, ஃபெயில்' என்று வந்து நின்றது. மூன்றில் எது வேண்டுமோ அதன் முதல் எழுத்தை அமுக்க வேண்டும். பழைய டாஸில் கடைசி வார்த்தை 'இக்னோர்'. அதை அமுக்கித்தான் எனக்குப் பழக்கம். ஃபெயில் என்பதைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டேன். மேனேஜர் அந்தோணிசாமி சார் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நமக்கு எஃப் டிரைவ்தானே வேணும்? எஃப் அமுக்கும்மா."

அமுக்கினேன். இந்த டிரைவ் இனி செல்லாது என்று இங்கிலீஷில் வந்தது. படித்துச் சொன்னதும் சார் முகம் வெளுத்துவிட்டது. பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டோம், கிடைக்கவில்லை. எல்லாம் அழிந்துவிட்டதா, வெறும் இணைப்புதான் போயிற்றா, தெரியவில்லை. விடிந்தால் கம்பைநல்லூர் நோயாளிகள் வந்து வரிசையில் நிற்பார்கள். மருந்து மாறினால் என்ன ஆகும்?

சாயங்காலம் ஆஸ்பத்திரியை நடத்தும் சிஸ்டர் வந்து விசாரித்தார். சார் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"இந்தப் புள்ள தெரியாம எதையோ அமுக்கிடுச்சுங்க சிஸ்டர்."

தெரியாமல் அமுக்கவில்லை. ஃபெயில் என்று படித்துவிட்டுத்தான் அமுக்கினேன்.