எருமை கிடைத்த சேதி

போன வாரம் நாயுடுபேட்டையிலிருந்து பார்சல் வந்தது. அட்டையைப் பிரித்ததும் புது மையின் வாசனை. மார்கழி பிறந்தால் நம் சித்தூர் வீட்டில் வரும் அதே வாசனை. நீ புத்தகத்தைப் படிப்பதற்கு முன் முகத்தில் வைத்து மோந்து பார்ப்பாய். நானும் அப்படிச் செய்தேன். அதற்குப் பிறகு வெகுநேரம் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

திருப்பதியில் கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் மேசையில் நீ வேலை பார்த்தாய். தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும். அந்தப் பயணத்துக்காகத்தான் வெப்காமிக் படிக்கத் தொடங்கினாய். யார் யாரோ வேலைக்குப் போய்க்கொண்டே, மிச்ச நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து வரைந்து, வாரம் ஒரு பக்கமாக இணையத்தில் போடும் படக்கதைகள். பஸ் பாகாலா வருவதற்குள் நீ தனியாகச் சிரிக்க ஆரம்பித்துவிடுவாய் என்று ஒரு கண்டக்டரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

டிசம்பரில் எனக்கு மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் வேலை குறைவு. விடுமுறை நாளில் இருவரும் கட்டிலில் சாய்ந்துகொண்டு உன் ஃபோனில் பரிசு தேடுவோம். புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் யாருக்கு என்ன கொடுத்தாலும் அது இந்தப் படக்கதைக்காரர்களிடமிருந்து நேராக வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது உன் பிடிவாதம். கடைவீதியில் நல்ல புடவை கிடைக்குமே என்று ஒருமுறை கேட்டேன். "கடையில வாங்குனா அது ஒரு சாமான், அவ்ளோதான். இவங்ககிட்ட வாங்கு, அடுத்த பக்கம் வரைவாங்க" என்றாய்.

யாருக்கு எது என்று நீ யோசிக்கும் அழகே தனி. கங்காதர நெல்லூரில் இருக்கும் என் தங்கைக்குக் குறட்டை விடும் கரடி போட்ட காலண்டர். அவள் கணவர் முதலில் அதை மாட்டவே விடவில்லை. கோடையில் அவரே ஆணி அடித்தார். என் அம்மாவுக்கு ஆடிக் குதிக்கும் மிளகாய்களின் ஸ்டிக்கர். அம்மா அதை ஃபிரிட்ஜில் ஒட்டாமல் ரேஷன் கார்டின் மேல் ஒட்டிவிட்டார். ரேஷன் கடை டீலர் திட்டினார் என்று அம்மா வந்து புகார் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

உன் அப்பாவுக்கு, உன் நைனாவுக்கு, உரியதை மட்டும் கடைசியில்தான் தேடுவாய். அதுவரை இருந்த சிரிப்பு அப்போது இருக்காது.

நகரிப் பக்கத்தில் நிலபுலத்தோடு இருந்த அவருக்கு, அதே ஊரின் மறுபக்கத்தில் கூலிக்குப் போனவர்கள் வீட்டிலிருந்து நான் வந்தது உன்னை ஒதுக்கிவைக்கப் போதுமான காரணமாக இருந்தது. நம் கல்யாணத்துக்குப் பிறகு அவர் உன் பெயரைச் சொல்வதே இல்லை என்று உன் அண்ணி சொன்னார். நீ ஃபோன் செய்தால் எடுக்க மாட்டார். அப்போதுதான் இந்த எருமைக் கதை உன் கண்ணில் பட்டது. நாயுடுபேட்டையில் கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு பெண் வரைந்தது. ஒரு கிழவரும் அவருடைய முரட்டு எருமையும். ஒரு வார்த்தைகூடக் கிடையாது, எல்லாம் படம். அச்சான முதல் புத்தகத்தை வாங்கி அவர் முகவரிக்கு அனுப்பினாய். அனுப்பியவர் பெயர் போட வேண்டாம் என்றாய். "என் பேரு இருந்தா பிரிக்காம வச்சிருவாரு. எருமைன்னா பாப்பாரு."

பதில் இல்லை. பார்சலும் திரும்பி வரவில்லை. "திரும்பி வரலியே, அதுவே போதும்" என்றாய். ஆனாலும் அந்தப் பொங்கல் முழுக்க நீ ஃபோனைக் கீழே வைக்கவில்லை.

போன மார்கழியில் நீயே நோயாளியாகத் திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். ரத்தத்தில் கோளாறு என்று சொல்லியிருந்தார்கள். கையில் ஊசி செருகியிருந்ததால் ஃபோனை நான் பிடித்துக்கொண்டேன், நீ தேர்ந்தெடுத்தாய். எருமைக் கதையின் இரண்டாம் புத்தகம் வந்திருந்தது. அதன் கடைசியில் எருமை காணாமல் போய்விடுகிறது. "நைனா பயந்துக்குவாரு" என்று சொல்லிச் சிரித்தாய். அனுப்பினோம். பொங்கலுக்குப் பிறகும் கட்டிலில் படுத்தபடி ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். மாசியில் நீ போய்விட்டாய். உன் நைனா வந்தார். தெருமுனையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அங்கிருந்தே திரும்பிப் போனார்.

இந்த வருஷம் தனியாக உட்கார்ந்து பரிசு தேடினேன். எனக்கு அந்தக் கலை வரவில்லை. தங்கைக்கு ஏதோ பூனைப் படம், அம்மாவுக்கு ஏதோ துணிப்பை. எருமைக் கதையின் மூன்றாம் புத்தகம் வந்திருப்பதைப் பார்த்து அதையும் கேட்டு எழுதி, நைனாவின் முகவரியைக் கொடுத்தேன். மறுநாள் அதை வரையும் பெண்ணே என்னை ஃபோனில் கூப்பிட்டாள். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினாள். அந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும் ஒரு பெரியவர் ஞாபகத்துக்கு வந்தார் என்றாள். போன பொங்கல் முடிந்த வாரத்தில், புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த நம்பரைப் பார்த்து அவளுக்கு ஃபோன் செய்தாராம். எருமை கிடைத்ததா இல்லையா, அதை மட்டும் சொல் என்று கேட்டாராம். இனிமேல்தான் வரைய வேண்டும் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

அதற்கு அவர் சொன்னதை அவள் அவருடைய பேச்சிலேயே சொல்லிக் காட்டினாள்: "சீக்கிரம் வரைம்மா. அனுப்புனது யாருன்னு எளுதல, ஆனா என் பொண்ணுதான். அவளும் பாத்துக்கினு இருப்பா."

புத்தகத்தை என் முகவரிக்கே அனுப்பச் சொன்னேன். நேற்று அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர் மாட்டுக்கொட்டகையில் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். மாமா என்று முதல்முறையாகக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். கடைசிப் பக்கத்துக்குத் தாவவில்லை. முதலிலிருந்து ஒவ்வொரு படமாக, நான் நிற்பதையே மறந்து பார்த்தார். முடிவில் மழையில் நனைந்த எருமை கிழவரின் வாசலில் வந்து நிற்கும் படத்தில் விரலை வைத்தார்.

"வந்துட்ச்சி" என்றார். விரலை எடுக்காமலே, "அவ இத்த பாத்தாளா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. இது அதுக்கப்புறம் வரைஞ்சது."

தலையை ஆட்டினார். புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல், "உள்ள வா. துன்னுட்டு போ" என்றார்.

போனேன். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். உன் அண்ணி இரண்டாவது முறை சோறு போடும்போது அழுதார்.

நீ ஆஸ்பத்திரியில் ஃபோனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த அதே நாட்களில் அவர் 'என் பொண்ணு' என்று சொல்லியிருக்கிறார். அது நாயுடுபேட்டை வரைக்கும் போயிருக்கிறது, திருப்பதிக்கு வரவில்லை. அதைச் சொல்லத்தான் உனக்கு இதை எழுதுகிறேன். பஸ்ஸில் வரும்போதும், இங்கே தனியாகச் சமைக்கும்போதும், உனக்குக் கேட்கட்டும் என்று, 'என் பொண்ணுதான்' என வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். என் குரலில்தான் வருகிறது. அவர் குரலில் வரமாட்டேன் என்கிறது.