நோட்டுப் புத்தகத்தில் இருந்த உங்கள் பேச்சு

என் உடன்பிறந்த அண்ணாச்சிக்கு,

நீங்கள் ஜெயிலில் கண்ணை மூடி ஐந்து வருஷமாகிறது. ஆனாலும் உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஸ்ரீவைகுண்டத்து ஆற்று மணலில் சர்க்காரை எதிர்த்து நீங்கள் பேசிய அன்று, முன்வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாரே ஞானமுத்து வாத்தியார், அவர்தான் உங்களை ஜெயிலுக்கு அனுப்பிய ரிப்போர்ட்டைப் போலீசுக்கு எழுதிக் கொடுத்தவர் என்று நான் முடிவு கட்டினேன். வேறு யார் கூட்டத்தில் உட்கார்ந்து எழுதுவான்? கடைத்தெருவிலும் படித்துறையிலும் பேர் சொல்லித் தூற்றினேன். அவர் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வருவது நின்றது. ஏரலுக்குக் குடிபோனார். எனக்கு அதுவும் போதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஏரலில் ஒரு வியாபாரியைப் பார்க்கப் போனேன். அவர் கிறிஸ்தவர்; வேதக்கோயிலில் இருந்தார். வாசலில் நின்று பார்த்தால், பிரசங்கம் நடக்கிறது. பாதிப்பேர் மடியில் நோட்டை வைத்து எழுதுகிறார்கள். முடிந்து வெளியே வந்த வியாபாரியிடம் எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

"பிரசங்கம்னா குறிப்பெடுப்போம்லா வே. சின்னதுலேர்ந்து பழக்கம். எங்க போனாலும் கை சும்மா இருக்காது."

அண்ணாச்சி, ஞானமுத்து வாத்தியாரும் வேதக்காரர்தான்.

வாத்தியார் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. ஒரு பழைய நோட்டை நீட்டினார். இரண்டு பிரசங்கங்களுக்கு நடுவில் உங்கள் பேச்சு. 'எவன் மேலேயும் கை ஓங்காதீர்கள்' என்று நீங்கள் சொன்னதும் இருக்கிறது. நாம் எத்தனை சொல்லியும், போலீஸ் ரிப்போர்ட்டில் இல்லை என்று நீதிபதி தள்ளிய வரி.

"இதத்தான் கோர்ட்டுக்குக் கொண்டாந்தேன். வாசல்லயே மறிச்சீரே, ஞாபகம் இருக்கா வே?"

இருக்கிறது. காட்டிக்கொடுத்த பயல் என்று நான் கத்த, நாலு பேர் அவரைப் பிடித்துத் தள்ளினார்கள். அவரை வாயைத் திறக்கவே நான் விடவில்லை.

பேச்சுக்கு விலங்கு போடாதே என்று சர்க்காருக்கு மனு எழுதியவன் நான். அவர்கள் செய்தது இன்றும் அநியாயம்தான். உங்கள் வழக்கை எடுக்கப் பயந்த அந்தப் பெரிய வக்கீலையும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் என் வாயை யார் அடக்கியிருக்க வேண்டும்? நீங்கள் வெளியே இருந்திருந்தால் அடக்கியிருப்பீர்களா, பேசட்டும் என்று விட்டிருப்பீர்களா?

தூற்றிய இடத்திலேயே நின்று உண்மையைச் சொல்கிறேன் என்றேன் வாத்தியாரிடம்.

"ஊருக்குப் பொறவு சொல்லலாம். மொதல்ல உம்ம மதினிட்ட சொல்லும்" என்றார்.

உங்களை இழந்து நிற்கும் மதினியிடம், கோர்ட் வாசலில் நான் செய்ததை நாளைக் காலையில் சொல்லிவிடுகிறேன், அண்ணாச்சி. அவர்கள் என்ன சொன்னாலும் குறுக்கே பேச மாட்டேன்.

உங்களை மீட்கவிடாமல் வாசலை மறித்த தம்பி,
சங்கரலிங்கம்