பம்பின் மேல் கைக்குட்டை

2006 மே 14, ஞாயிறு

என் பழைய ஃபியட் காரின் பானட்டை இனி என்னைத் தவிர வேறு யாரும் திறக்கக்கூடாது என்று இன்று தீர்மானித்தேன். இந்தத் தீர்மானம் என் ஆயுள் முழுவதும் செல்லும்.

திருவந்திபுரம் கோயிலுக்குப் போகும் வழியில், நல்ல வெயிலில் வண்டி நின்றது. கார்பரேட்டரைக் கழற்றி ஊதினேன். பெட்ரோல் என் வாய்க்குள் வந்தது, இன்ஜினுக்குள் போகவில்லை. வாயைத் துடைக்க என் மனைவி கமலாவிடம் கைக்குட்டை கேட்டேன்.

"புதுசுங்க, கறையாயிடும்."

அப்போது ஸ்கூட்டரில் சேகர் வந்தான். கமலாவின் அத்தை மகன். நான் பெண் பார்க்கப் போகாமலிருந்தால் அவளைக் கட்டியிருப்பான். பெட்ரோல் பம்பைத் தொட்டுப் பார்த்தான்.

"பம்பு சூடாயிடுச்சிண்ணே. ஈரத்துணி சுத்துனா ஓடும்."

கமலா அதே கைக்குட்டையை நனைத்து நீட்டினாள். வண்டி ஓடியது.

"சேகர் மாமாவுக்குக் கைராசிங்க" என்றாள்.

சூட்டில் பெட்ரோல் ஆவியாவதற்கும் கைராசிக்கும் சம்பந்தமில்லை. அவள் சாமி கும்பிடப் போனதும் கைக்குட்டையை அவிழ்த்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது வண்டி அதே இடத்தில் நின்றது. கமலா சேகருக்குப் போன் செய்தாள். அவன் வந்தான், நான் பானட்டைத் திறக்கவிடவில்லை.

கமலா அவன் ஸ்கூட்டரில் வீடு வந்து சேர்ந்தாள். நான் பஸ்ஸில் வந்தேன்.