மலை வீட்டை மாமாவே பூட்டினார்

என் பிரியமான சரோஜா அத்தைக்கு,

மாமா வந்துவிட்டார். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பெங்களூர் ஆஸ்டின் டவுனில், நம் வீட்டு முன்னறைக் கட்டிலில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

ஒவ்வொரு வருடமும் பனி விழும் முன் இமாச்சல் வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேருமாக இங்கே வந்துவிடுவீர்கள். நீங்கள் போன பிறகு வந்த முதல் குளிர்காலம் இது. "அவ இல்லாம அங்க வந்து என்ன பண்ணப் போறேன்? இங்கயே கெடக்கறேன்" என்று மாமா போனை வைத்துவிட்டார். இழுப்பு இருக்கிற மனிதர், அந்தப் பனியில் தனியாகவா? அப்பா அழுதேவிட்டார்.

துக்க வருடம், நமக்குத் தீபாவளி இல்லை. ஆபீஸ் விட்ட அந்த லீவில் அவரைக் கூட்டிவர நானே கிளம்பினேன். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் ஜன்னலைச் சாத்தச் சொல்லவே கூச்சப்படுகிற நான்!

அங்கே போய்க் கூப்பிட்டும் மாமா நாற்காலியை விட்டு எழவில்லை. நானே கம்பளிகளை டிரங்குப் பெட்டியில் வைத்தேன். அரிசி பருப்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். கடைசியாகக் குடம், தவலை, வாளி எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பி வைத்தேன். ஊருக்குக் கிளம்பும்போது அம்மா செய்வதுதானே?

மாமா எட்டிப் பார்த்தார். "அடிப்பாவி! நீ பி.எஸ்ஸி. பிசிக்ஸ்தானே? தண்ணி ஒறைஞ்சா பெருக்கும்னு சொல்லித் தரலயா? எல்லாம் பொளந்துக்கும்டி!"

எனக்குக் காது சுட்டது. "வெறும் குடமா வெச்சுட்டுப் போகக் கூடாதுன்னு..."

சிரித்தார், அத்தை. கண்ணில் நீர் வரும்வரை. "உங்க அத்தையும் மொத வருசம் இதத்தான் செஞ்சா. திரும்பி வந்து பாத்தா தவலைல விரல் நொழையற விரிசல். மூணு நாள் எங்கூடப் பேசல, என்னவோ நான் ஒடச்ச மாதிரி!"

உண்மையா? எங்களிடம் ஏன் சொல்லவே இல்லை?

அதன்பின் அவரால் உட்கார முடியவில்லை. "தள்ளு, ஒன்ன நம்பினா வீடே போயிடும்." மெயின் வால்வை மூடினார். டேங்க், கீசர், குழாய் ஒவ்வொன்றையும் வடித்தார். முடித்துப் பார்த்தால் டீ போடக்கூடச் சொட்டுத் தண்ணீர் இல்லை. "இனிமே இங்க எப்படிடி இருக்கறது?" என்று என்னையே திட்டிவிட்டு, அவரே பூட்டினார். அவரைக் கிளப்ப நான் தெரிந்தேதான் தண்ணீர் நிரப்பினேன் என்கிறாள் அம்மா. சத்தியமாக இல்லை.

இங்கே பனியனோடு பால் வாங்கப் போகிறார். மங்கி கேப் போட்ட எதிர்வீட்டுக் கன்னட ஆன்ட்டி, "ஸ்வெட்டர் பேடவா அங்கிள், வேண்டாமா?" என்றால், "இதெல்லாம் ஒரு குளிராம்மா!" என்கிறார்.

நேற்று இட்லி சாப்பிடும்போது கேட்டார்: "பங்குனில பனி எளகிடும். என்னைக் கொண்டுபோய் விட ஒனக்கு லீவு கெடைக்குமா?"

மேனேஜர் முன்னால் நின்று நான் இதுவரை லீவு கேட்டதில்லை. கேட்பேன், அத்தை.

உங்கள் அண்ணன் மகள்,
செல்வி