சாமிக்கு எதுக்குக் குளிசை

டயகம,
புதன்கிழமை.

அன்பு மகள் ஜெயந்தினிக்கு,

அம்மாவும் நானும் சுகம். “நம்ம தோட்டத்துல மனநோயை நோய்னு நினைக்கிறாங்களாப்பா?” என்று போன மாதம் போனில் கேட்டாய். மழை இரைச்சலில் கேட்கவில்லை என்று வைத்துவிட்டேன். உண்மையில் எனக்குக் கேட்டது, மகளே.

உங்கள் மருத்துவ பீடத்தில் கணினியில் படித்த அந்தப் பாடத்தை நீ அனுப்பியிருந்தாயே, இரண்டு தடவை பார்த்தேன். அதில் மனநோய்க்கு மருந்துக் குளிசை போட்டுக்கொண்டே வேலைக்குப் போகும் அந்தப் பெண், முகத்தை மறைக்காமல் தன் நோயைச் சொல்கிறாள். அதைப் பார்த்தபின் வகுப்பில் பலருக்குப் பயம் குறைந்தது என்றாய். நல்ல பாடம்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. மாசியில் உன் தம்பி பிரதாப் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் நின்று தோட்டத்துத் துரையைத் திட்டினான். “வாத்தியார் மகன் அங்கொட பைத்தியாஸ்பத்திரி கேஸ்டா” என்று அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். பொறுக்க முடியாமல், “அவனுக்கு நம்ம தொழிற்சாலைக் காவல் சாமி ரோதமுனி இறங்கியிருக்கு” என்று சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றது. பக்கத்து லயத்து வீட்டுச் சிவசாமி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

அதன்பின் கிளினிக்கில் கொடுத்த குளிசையை மூன்று வாரம் ஒழுங்காகப் போட்டான். தூங்கினான். “இது ரொட்டியா, கூரைத் தகரமா?” என்று அம்மாவைக் கேலிகூடச் செய்தான். பிறகு வெற்றிலை பாக்கோடு குறி கேட்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இப்போது குளிசையை நீட்டினால், “சாமிக்கு எதுக்குக் குளிசை? நீங்கதானே சொன்னீங்க” என்கிறான். நான் சொன்னது பொய் என்றேன். “அப்ப இப்ப சொல்றதும் பொய்தான்” என்கிறான். நான்கு நாளாக விரதம் என்று தேத்தண்ணி மட்டும் குடிக்கிறான்.

கரும்பலகை கண்ணுக்குத் தெரியாத பிள்ளைக்கு ஞானக்கண் இருக்கிறது என்று புகழ்ந்து, மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வைத்த வாத்தியார் நான்.

அன்றைக்கு உன் போனை எடுத்த அறைத்தோழி ரிஸ்லா, “ஜெயந்தினி ஒரே பிள்ளைதானே அங்கிள்?” என்றாள். நானும் ஆமாம் என்றேன். உன்மேல் குறை இல்லை. மறைக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

உன் சொல்லை அவன் இன்னும் நம்புவான். நீ நல்லா இருக்கவேண்டும், தாயே. கடிதம் கிடைத்த அன்றே போன் எடு. என்னோடு பேசவேண்டாம், தம்பியைக் கூப்பிடச் சொல். பக்கத்தில் யார் இருந்தாலும் எழுந்து வெளியே போகாமல், “பிரதாப், இது நோய்டா” என்று ஒரு தடவை சொல்லிப் பார்.

உன் அப்பா,
வீரய்யா